வலிக்கவில்லை என்று சொன்னவர்

1

நாங்கள் யார் மேல் வழக்குப் போட்டிருந்தோமோ, அந்த அம்மாள் போன சனிக்கிழமை கடையில் பால் எடுக்கிற இடத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மார்கரெட் என்று பெயர். எழுபதைத் தாண்டியவள். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பனி கொட்டிய ஒரு காலையில், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து வந்து இடித்தவளும் இவளேதான். காரில் என் வீட்டுக்காரர் பூபாலன் மட்டும் இருந்தார்.

"எல்லாம் முடிந்துவிட்டதாமே! எனக்கு இப்போதுதான் தூக்கம் வருகிறது. பூபாலன் நன்றாக இருக்கிறாரா?" என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு.

வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை, வந்து பாருடி அம்மா என்று நம்மூர்ப் பாஷையில் நாலு கேட்டிருப்பேன். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. விபத்து நடந்த அன்று சாயந்திரமே ஆப்பிள் பை என்று ஒரு பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவள் அவள். பொல்லாத பொம்பளையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓடி ஒளிய இடம் கிடையாது. கனடாவின் கிழக்கு ஓரத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பொடி மாகாணம் இது. உருளைக்கிழங்கும் சிங்கி இறாலும்தான் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் கருட சேவைக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மாகாணத்தின் மொத்த ஜனமும் ஒரு கூட்டமாகவே தெரியாது. இடித்தவளும் இடிபட்டவரும் ஒரே கடையில்தான் பால் வாங்கியாக வேண்டும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் முதுகு நிஜமாகவே போய்விட்டது என்று இந்த ஊர்ச் சட்டம் நம்ப வேண்டும். அவர் சிங்கி இறால் ஆலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர். இனிமேல் தூக்க முடியாது. அது பாசாங்கு இல்லை என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் மூன்று வருஷம் அலைந்தோம்.

2

உத்திரமேரூரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கனடாவுல கார் இடிச்சா கோடி கோடியா குட்ப்பாங்களாமே, வந்துச்சா?" யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. அந்த ஆளை எங்கேயாவது பார்த்தால் கேட்க வேண்டும்.

உண்மையில் எப்படி என்று சொல்கிறேன். இடிபட்டதும் முதலில் நம்முடைய சொந்தக் காப்பீட்டுக் கம்பெனியே பிசியோதெரபிக்கும் மருந்துக்கும் கொஞ்ச காலம் கொடுக்கும். அதுவரை எல்லாரும் தேன் ஒழுகப் பேசுவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இடித்தவர் மேல் வழக்குப் போட வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், தவறினால் போயே போச்சு. வழக்கு மார்கரெட் பெயரில்தான் இருக்கும், ஆனால் எதிரில் வந்து உட்காருவது அவளுடைய காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல். அவள் கைக்காசு ஒரு பைசா போகாது. இதைப் பூபாலனுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பை சுட்டுக்கினு வந்து குட்த்த பொம்பளய கோர்ட்டுக்கு இஸ்க்கறதா? இன்னா செல்வி பேசற நீ?" என்பார்.

அடுத்தது முக்கியமானது. எலும்பு முறியாமல், சுளுக்கும் சதைப் பிடிப்புமாக வருகிற வலியை எல்லாம் இங்கே சட்டம் ஒரே கூடையில் போட்டு 'சிறு காயம்' என்று பெயர் வைத்திருக்கிறது. சிறு காயத்தின் வேதனைக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட வேண்டுமானால், இந்தக் காயம் என் பிழைப்பையும் அன்றாட வாழ்க்கையையும் முடக்கிப்போட்டது என்று நிரூபிக்க வேண்டும். போன சம்பளத்தையும் இனிமேல் போகப்போகிற சம்பளத்தையும் கேட்பதற்கும் அதே கதைதான், முதலில் நம்மை நம்ப வேண்டும். பூபாலன் முதுகில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. படத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவும் இல்லை. வலி படத்தில் விழாது.

வக்கீல் பிடிப்பதே ஒரு கூத்து. முதலில் போன இடத்தில், எதிர்த் தரப்புக் கம்பெனி எங்கள் கட்சிக்காரர், மன்னிக்கவும் என்றார்கள். இரண்டாவது வக்கீல் மார்கரெட்டுக்குத் தங்கை மருமகன். மூன்றாவதாக மாகாணத் தலைநகரில் ஒரு வக்கீலம்மா அகப்பட்டாள். ஹெலன் என்று பெயர், தங்கமான மனுஷி. முன்பணம் கேட்கவில்லை, ஜெயித்தால் அதில் ஒரு பங்கு என்றாள். டாக்டரிடமிருந்து குறிப்புகளை வரவழைத்துப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

என்ன விஷயம் என்றால், டாக்டர் ஒவ்வொரு முறையும் உள்ளே வந்ததும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். நம்ம ஆளும் ஒவ்வொரு முறையும் "குட், தேங்க்யூ" என்பார். இங்கே வந்த புதிதில் இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது. டாக்டரும் 'நன்றாக இருப்பதாகக் கூறுகிறார்' என்று எழுதிவைத்துவிட்டுத்தான் மருந்தை எழுதியிருக்கிறார். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய இன்னொரு டாக்டர் "குனியுங்கள், முடிந்தவரை" என்றாராம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தரை வரைக்கும் குனிந்துவிட்டு வந்திருக்கிறார்.

"எதுக்குங்க அப்டி குனிஞ்சீங்க?"

"டாக்டரு சொல்றாரு, முடியாதுன்னா நல்லாவா இருக்கும்?"

3

எங்கள் நைனா ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. நைனாவை நான் எட்டாவது படிக்கும்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பஸ் தட்டிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போனது. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

அங்கே சட்டம் எப்படி நடந்தது தெரியுமா? நைனாவை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் ஜனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வந்து சமாதானம் பேசியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய், கடையைச் சாத்திவிட்டுச் சாட்சிக்கு வந்தார். விபத்து நடந்தபோது ஊரிலேயே இல்லாத எங்கள் சித்தப்பாவும் "என் கண்ணால பாத்தேன் சார்" என்று கூண்டில் ஏறிவிட்டார். எங்கள் வக்கீல் வராந்தாவில் நைனாவை நடக்கவைத்து, "யோவ், இன்னும் கொஞ்சம் சாஞ்சி நட. ஜட்ஜ் அய்யா கண்ணுல படணும்" என்றார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு மேல சாஞ்சா வுய்ந்துடுவேன் சார்!" என்று கத்தினார். உள்ளே ஜட்ஜுக்கே கேட்டிருக்கும்.

வாய்தா வாய்தா என்று இழுத்து, நான் காலேஜ் முடிக்கிற சமயத்தில்தான் தீர்ப்பு வந்தது. வந்ததில் பாதி கடனுக்குப் போனது. அந்த வழக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர. நைனாவுக்குக் கால் வலிக்கிறதா என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. பஸ் கம்பெனி வக்கீல்கூட "குறுக்க வந்தாரு" என்றுதான் சொன்னாரே தவிர, வலிக்கவில்லை என்று சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். தண்ணீர் வேண்டுமா, காபி வேண்டுமா என்கிறார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தரும் நம்புவதில்லை.

4

விபத்து நடந்து ஒரு வருஷம் கழித்து ஊருக்குப் போனோம். போகாமல் இருக்க முடியாது. பூபாலனின் தங்கை மஞ்சுளா, உத்திரமேரூரில் ஏரிக்கரைத் தெருவில் இருக்கிறாள். அவள் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். பூபாலன் ஒரே அண்ணன். வேறு யாராவது மாமன் முறையில் உட்காரலாம் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "எங்க அண்ணன் வரட்டும், அதுக்கு வயசு அஞ்சானாலும் பரவால்ல" என்று காத்துக்கொண்டிருந்தாள் மஞ்சுளா.

காரணம் இருக்கிறது. இது அவளுடைய இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. அந்தக் குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, கையில் வாங்கிக்கொண்டு "யம்மா, இன்னா கனம் கனக்குது!" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மறு வாரம் காய்ச்சல். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அதற்கப்புறம் குழந்தை கனக்கிறது, பாரமாக இருக்கிறது, தூக்கினால் கை வலிக்கிறது என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தவம் கிடந்து பெற்ற இந்தப் பெண் நன்றாக மொழுமொழுவென்று மூன்று வயசில் இருந்தது. யாராவது தூக்கினால் முகத்தைப் பூ மாதிரி வைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும்.

குலதெய்வக் கோயில் தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை, ஆசாரி கையில் ஊசியைப் பார்த்ததும் துள்ளியது பாருங்கள், இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காது. பூபாலன் அதை மடியில் இறுக்கிக்கொண்டு ஏதேதோ பாட்டெல்லாம் பாடினார். குத்தி முடித்ததும் அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரிக்கவைத்தார். அப்புறம் தோளில் வைத்துக்கொண்டு கோயிலை மூன்று சுற்று சுற்றினார். கண்ணால் ஜாடை காட்டினேன், இறக்கிவிடுங்கள் என்று. என் பக்கமே திரும்பவில்லை மனுஷன். மஞ்சுளா அழுதுகொண்டே செல்போனில் படம் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் எழுந்திருக்கவில்லை. மஞ்சுளா வீட்டு மாடி அறையில் வெறும் தரையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றி முதுகுக்கு அடியில் வைத்தேன். கீழே யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மஞ்சுளா நாஷ்டா எடுத்துக்கொண்டு மேலே வந்து, "அண்ணாவுக்கு இன்னா அண்ணி? ஒடம்பு ஏதனா சரியில்லியா?" என்று கேட்டாள்.

"பிளைட்டு அசதிம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்று அவரே படுத்தபடி பதில் சொன்னார்.

அவள் அந்த வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டாள். 'கனடாவிலிருந்து பறந்து வந்த எங்க அண்ணன்' என்று தலைப்பு. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இந்த மாகாணத்தில் இருக்கிற எதிர்த் தரப்பு வக்கீல் ஆபீசிலும் ஒருத்தர் பார்த்திருக்கிறார்.

5

போன இலையுதிர் காலத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கோர்ட்டு இல்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், எதிர்த் தரப்பு வக்கீல் நம்மை நேரில் கேள்வி கேட்கலாம் என்று இங்கே ஒரு முறை. சத்தியப் பிரமாணம் உண்டு, ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் பதிவு செய்வார். அங்கே சொன்னது பிறகு நம்மைச் சுற்றிச் சுற்றி வரும். நான் பின்னால் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம் என்பதால் என்னை உள்ளே விடவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய் வைத்திருந்தார்கள். பதற்றத்தில் பாதிக் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டேன்.

உள்ளே நடந்ததை அவர் காரில் வரும்போது சொன்னார். பிறகு எழுத்தில் வந்ததையும் படித்தேன். மொழிபெயர்க்க டொராண்டோவிலிருந்து ஒரு இலங்கைத் தமிழர் திரையில் வந்தாராம். பதமாகப் பேசுகிற மனுஷர். காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. பெட்டி தூக்க முடியவில்லை என்றார், படுத்தால் புரள முடியவில்லை என்றார், எல்லாம் சொன்னபடி சொல்லியிருக்கிறார். ஹெலன் சொல்லிக்கொடுத்த மாதிரி "குட்" என்ற வார்த்தையே வாயில் வரவில்லையாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிய இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மொட்டைத் தலையும் சந்தனமும் புதுக் கம்மலும் வாய் நிறையச் சிரிப்புமாகக் குழந்தை சுவர் அகலத்துக்கு நின்றிருக்கிறது.

"இந்தப் பிள்ளையைத் தூக்கேக்கை உங்களுக்கு நோ ஏதும் இருந்ததோ எண்டு கேக்கினம்" என்றாராம் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் பாஷையில் நோ என்றால் வலி.

"இல்லிங்க."

"பாரமாய் இருந்ததோ?"

"கொயந்த இன்னாங்க பாரம்? பாரமே இல்ல."

"பிறகு? அண்டைக்கோ அடுத்த நாளோ நோ வந்ததோ?"

"இல்லிங்க, ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். ஹெலன் வெளியே வந்தபோதே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காரில் நான் கத்தினேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே கத்தினேன். "நாலு நாளு தரையில கெடந்தீங்களே, ஐஸ் வெச்சது யாரு? எதுர் வூட்டுக்காரியா? எதுக்குங்க இல்லன்னீங்க?"

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவர் சொன்னார். "கொயந்த என்னியே பாத்துக்கினு இருந்துச்சி செல்வி. அது மூஞ்சிக்கு எதுரா எப்டி சொல்லுவேன், நீ பாரமா இருந்தன்னு?"

6

தப்பித்துக்கொள்ள இன்னொரு வழி இருந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சொன்ன பதிலில் தவறு இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தலாம் என்றாள் ஹெலன். நான் எல்லாக் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டேன், போன குழந்தை, அந்த வீட்டு வழக்கம், தாய்மாமன் மடி, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு நீதிபதிக்கு இது புரியும். எதிர்த் தரப்பு மறுபடி கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். ஆனால் உங்கள் கணவர் தன் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தக் குழந்தையைத் தூக்கியது எனக்கு வலித்தது, அதனால் நான்கு நாள் படுத்திருந்தேன் என்று. அந்த இரண்டு வரி போதும்" என்றாள்.

பூபாலன் மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். உத்திரமேரூரில் இருக்கிற குழந்தைக்கு இந்த ஊர்க் காகிதம் எப்படித் தெரியும் என்றேன்.

"தெரிய வேணாம். எய்துனா எய்துனதுதான். சத்தியம் பண்ணி, கையெய்த்துப் போட்டு, அந்தக் கொயந்த பேர எய்தி, அதால எனக்கு நோவு வந்துச்சின்னு சொல்லணுமாம். நாளிக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சின்னா நான் எப்டி இருப்பேன்? மஞ்சுளா மூஞ்சிய எப்டி பாப்பேன்?"

"அந்தக் கொயந்திக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, சரி. நம்ம வூட்ல ஒண்ணு கீதே, அது காலேஜுக்குப் போவ வேணாமா? நாளிக்கு நீங்க இன்னா வேல செய்வீங்க? இத்தன வருசம் அலஞ்சதெல்லாம் எதுக்கு?"

"நீ சொல்றது ரைட்டுதான்" என்றார். இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போட வேண்டும். சொல்வதெல்லாம் சரி என்று ஒத்துக்கொண்டு, தான் நினைத்ததையே செய்கிற ஆளை என்ன பண்ணுவது?

மஞ்சுளாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவளே "எய்தச் சொல்லுங்க அண்ணி, என் அண்ணன் பொயப்பு முக்கியம்" என்று சொல்லக்கூடியவள்தான். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன். எடுத்தால் அந்தப் பக்கம் முதலில் குழந்தைதான் பேசுகிறது. "அத்தே, மாமா எங்க?" என்கிறது. சும்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஹெலன் அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை. கையில் இருக்கிற வழக்கு இனிமேல் சிறு காயம்தான் என்றாள். எதிர்த் தரப்பு ஒரு தொகை சொன்னது. வாங்கிக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மார்கரெட்டுக்குத் தூக்கம் வந்தது இந்தக் கையெழுத்தால்தான்.

7

பணம் போகட்டும். நான் முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன், நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அதை எழுத உட்காரவில்லை.

எங்கள் மகள் கீர்த்தனா பன்னிரண்டாவது படிக்கிறாள். இங்கே வந்தபோது கைக்குழந்தை. தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். விபத்துக்கு அப்புறம் இந்த வீடு அவள் தோளில்தான் நின்றது. காப்பீட்டுக் கம்பெனியோடு போனில் பேசுவது அவள், பிசியோதெரபிக்குக் கூடப் போவது அவள், குப்பைத் தொட்டியை இழுப்பது, கடைச் சாமானைத் தூக்குவது, காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வாசல் பனியை அள்ளுவது எல்லாம் அவள். சாயந்திரப் பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் கூடைப்பந்தை விட்டாள். அப்பாவுக்கு முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகம் சுளிக்காமல் எழுந்து வருவாள்.

பள்ளியில் இந்த வருஷம் சட்டம் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். வழக்கு முடிந்ததும் அந்த விசாரணைப் பதிவைப் படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டாள். அவளுக்கு உதவட்டுமே என்று நான்தான் கணினியில் திறந்து கொடுத்தேன். சமையலறையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, சோபாவில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த அவள் அப்பா எதிரில் நின்றாள்.

"ப்பா, இது நீ சொன்னதா? பெயின் இல்லன்னு?"

"ஆமாம்மா."

"அண்டர் ஓத்? சத்தியம் பண்ணிட்டு?"

"ஆமா."

"அப்போ நெஜமாவே வலிக்கலியா?"

நான் கரண்டியோடு ஓடி வந்தேன். "சொல்லுங்க. இவளுக்காவது வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்கலம்மா" என்றார். வலித்தது என்று இவளிடம் சொன்னாலும் அது அந்தக் குழந்தையைச் சொன்னதாகத்தான் ஆகும் அவருக்கு.

நான் அவளை அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சின்னதாக இருக்கும்போது இறந்துபோன அந்தக் குழந்தையைப் பற்றி, மடியைப் பற்றி, ஐஸ் கட்டியைப் பற்றி. கேட்டுவிட்டு, "ஓகே. அப்போ அப்பா லாயர் கிட்ட பொய் சொன்னாரா, இல்ல இத்தன நாளா என் கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்தாரா? எதும்மா?" என்றாள்.

அவர் நல்லவர் என்பதால்தான் அப்படிச் சொன்னார் என்றேன். எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை. அவளுக்கு எப்படித் தோன்றும்? இந்த ஊரில் வளர்ந்த பெண். கேட்டதற்குப் பதில் சொன்னால் அதுதான் பதில் என்று நம்புகிறவள்.

அவள் சண்டை எதுவும் போடவில்லை. இன்னும் "அப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். சிநேகிதி வீட்டுக் காரில் ஏறிக்கொண்டு மறுபடி கூடைப்பந்துக்குப் போகிறாள். காலையில் பனி கொட்டியிருந்தால் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அள்ளாமல் அதைத் தாண்டி நடந்து பஸ்ஸுக்குப் போய்விடுகிறாள். நான் அள்ளப் போனால் அவர் விடுவதில்லை, மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. அவர்தான் வாசலில் அள்ளிக்கொண்டிருக்கிறார், நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நாலு தரம் அள்ளிப் போடுகிறார். அப்புறம் நிமிர்ந்து, மாடியில் மகள் அறை ஜன்னலைப் பார்க்கிறார். திரை மூடியிருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கார் மேல் சாய்ந்துகொள்கிறார். திரை விலகியிருந்தால் நிற்காமல் அள்ளுகிறார்.